பேஸ்மட்டத்துக்குக் கொடுங்கள்

ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் குடிசைகளைப் பிய்த்துப் போட்டபோது, வீடு கட்டித்தர நல்ல மனசுக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். முழு வீடாகக் கட்டி, வாசலில் பெயர்க் கல்வெட்டு பதிக்கத்தான் பலருக்கும் ஆசை. தப்பில்லை. ஆனால் அந்தப் பணம் இன்னும் முன்னாலேயே, கடைக்கால் தோண்டும்போதே வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அரசு வீட்டுத் திட்டத்தையே பாருங்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு மூன்றரை லட்சம் தருகிறது. தருவது தவணையில், ஒரு மட்டம் முடிந்தால்தான் அதற்கான பணம். பேஸ்மட்டம் எழும்பும்வரை கைக்காசு போட வேண்டும். கைக்காசு இருந்தால் எதற்குக் குடிசையில் இருக்கிறார்கள்? எங்கள் ஊர்க் களிமண்ணோ மழைக்கு ஊதும், கோடைக்கு வெடிக்கும். ஆழத் தோண்டி மணல் கொட்டாமல் சுவர் நிற்காது. தோடும் மூக்குத்தியும் அடகுக்கடைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

அதற்கும் முந்தியது பட்டா. வாய்க்கால் புறம்போக்கில் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவருக்கு வீடும் இல்லை. நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித்தர 1981ல் லாப்டி அமைப்பைத் தொடங்கிய கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் முதலில் கை வைத்தது நிலத்தில். அதையும் பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தார். வீடு கட்டும் வேலை பிறகுதான். வரிசை தெரிந்த அம்மா!

கல்லூரிப் பிள்ளைகள் செங்கல் சுமக்க வருகிறார்கள். வரட்டும். ஆனால் அவர்கள் காலில் கல் விழாமல் பார்ப்பதிலேயே கொத்தனாருக்குப் பாதி நாள் போய்விடுகிறது. கான்கிரீட் போட்ட பிறகு வந்தால் உண்மையிலேயே உதவி. வீட்டுக்காரர்கள் கூலிக்குப் போனதும் தண்ணீர் ஊற்ற ஆளின்றித் தளம் காய்ந்துவிடும். பிறகு ஆயுசுக்கும் ஒழுகும். தாலுகா ஆபீசுக்குப் பட்டா மனு எழுதிக்கொண்டு கூடப் போகிற பிள்ளை இன்னும் உசத்தி.

கொடையாளர்கள் பேஸ்மட்டத்துக்குக் கைமாற்றாகக் கொடுக்கலாம். முதல் தவணை வந்ததும் அது திரும்பி, அடுத்த வீட்டுக் கடைக்காலுக்குப் போகும். ஒரே பணம் பல வாசல் ஏறும். திரும்புமா என்று கேட்பார்கள். சில இடத்தில் இழுக்கும்தான். நோய், சாவு என்று வந்தால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். ஒன்றில் மட்டும் எனக்குப் பிடிவாதம் உண்டு: பணத்தை ஊர்ப் பெரிய மனிதர் கையில் தராதீர்கள். மகளிர் குழுவின் வங்கிக் கணக்கில் போடுங்கள். யார் வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது அந்தப் பெண்களுக்கு அத்துப்படி.