விதையை ஒரே பானையில் வைக்கலாமா?



பேரன் நேற்று கேட்டான்: "தாத்தா, நம்ம மலையில சில பட்டிக்கு இன்னும் பஸ் போகல. நிலாவுக்கு எதுக்கு ராக்கெட்?" வகுப்பில் முப்பது வருடம் நானும் இதையேதான் கேட்டேன். இப்போது மனம் மாறிவிட்டது.

நிலா நமக்குத் தூரமில்லை. நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறை நிலவுப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்து நிலவு மண் போலச் செய்து, அதில்தான் இஸ்ரோ சந்திரயானைச் சோதித்தது.

ஏன் போக வேண்டும்? என் அம்மா விதைச் சாமையில் பாதியை மாமன் வீட்டில் கொடுத்து வைப்பார். ஒரு வருடம் எங்கள் பானையில் பூச்சி விழுந்தது. மாமன் வீட்டு விதைதான் கை கொடுத்தது. மனித இனத்துக்கோ இருப்பது ஒரே பானை. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்கல் விழுந்தது. டைனோசர்களுக்கு மாமன் வீடு இல்லை. விண்வெளி அறிவு இந்தப் பானையையும் காக்கும். 2022இல் நாசா ஒரு விண்கலத்தை மோதவிட்டு, டிமார்ஃபாஸ் என்ற சிறுகோளின் பாதையையே மாற்றிக் காட்டியது.

ஆனால் "பூமி கெட்டால் செவ்வாய்க்குப் போகலாம்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே மூச்சுவிடக் காற்றில்லை. எவ்வளவு கெட்டாலும் பூமி அதைவிட மேல். நம் மலையில் சாமையும் தினையும் குறைந்தது விண்கல்லாலா? மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்தது, நாமே கைவிட்டோம். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வந்து ஊர் மக்களோடு விதை வங்கி வைக்க வேண்டியிருந்தது. அணுகுண்டும் புவி வெப்பமும் அப்படித்தான், நம் கைவேலை. அந்தக் கையோடு போனால் செவ்வாயையும் கெடுப்போம்.

2024 டிசம்பர் 30இல் ஏவிய பிஎஸ்எல்வி-சி60இல் இஸ்ரோ எட்டுத் தட்டைப்பயறு விதைகளை அனுப்பியது. நான்கே நாளில் முளைத்து, பின் இலையும் விட்டன. படித்தபோது அம்மா நினைவுதான் வந்தது. மாமன் வீட்டுக்கு விதை கொடுத்தாலும், நம் காட்டில் விதைப்பதை அவர் நிறுத்தியதில்லை.

பேரனிடம் சொன்னேன்: "பஸ்ஸும் கேட்போம், ராக்கெட்டும் விடுவோம்டா. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பவரை நம்பாதே."

மலை நண்பர்களே, உங்கள் வீட்டில் பழைய சாமை, தினை விதை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஒரு படி பக்கத்து வீட்டிலும் கொடுத்து வையுங்கள். எந்த ரகம் என்று கீழே எழுதுங்கள்.