வீட்டு லேப்டாப்புக்கு ஃபயர்வால் காசு கொடுத்து வாங்கணுமா?

போன வீடியோவுல வரி ரிட்டர்னுக்கு என்னென்ன டாகுமெண்ட் எடுத்து வைக்கணும்னு பேசினோம். நேரம் பத்தாம அதுல விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்க எழுதுறேன். அந்த டாகுமெண்ட் எல்லாம் எந்த லேப்டாப்ல கிடக்குதோ, அந்த லேப்டாப்பைப் பற்றி.

ஜூலை மாசம் ஆடிட்டர் ஆபீஸ் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம். ஒருநாள் ராத்திரி எட்டு மணிக்கு, இலந்தைக்குளம் ஐடி பார்க்குல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் லேப்டாப்போட வந்தார். ரிட்டர்ன் போடலாம்னு உட்கார்ந்தா, திரையோட வலது ஓரத்துல ஒரு சிவப்புப் பெட்டி வந்து நிக்குது. ஃபயர்வால் பாதுகாப்பு முடிஞ்சுபோச்சு, இன்னைக்கே புதுப்பிங்கன்னு மிரட்டல். வருஷத்துக்கு 1,799 ரூபாய். மூடினா ரெண்டு நிமிஷத்துல மறுபடியும் வருது.

"அண்ணே, இதைக் கட்டிரவா? பேங்க் வேலை எல்லாம் இதுலதான் பாக்குறேன். பயமா இருக்குண்ணே."

பயத்துல யாராவது பணம் கட்டப் போனா நான் குறுக்கே கை நீட்டிடுவேன். தொழில் அப்படி. "இருங்க தம்பி, உள்ள என்ன இருக்குன்னு முதல்ல பார்ப்போம்"னு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். மாசச் சம்பளம் வாங்குறவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஃபயர்வாலுக்குன்னு தனியா ஒரு ரூபாய்கூட செலவு பண்ண வேண்டாம். உங்ககிட்ட ஏற்கெனவே ரெண்டு இருக்கு. 2004-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்து விண்டோஸுக்குள்ளேயே ஃபயர்வால் ஆன் ஆகித்தான் வருது. வீட்டு பிராட்பேண்ட் ரவுட்டர் ரெண்டாவது காவல். நம்ம சென்னையோட கே7, புனேயோட குயிக் ஹீல் மாதிரி கம்பெனிகள் விக்கிறது முழு செக்யூரிட்டி பேக்கேஜ், அதுல ஃபயர்வால் ஒரு பகுதி. வைரஸ் ஸ்கேனுக்காக, பிள்ளைங்க பார்க்கிற தளங்களைக் கட்டுப்படுத்துறதுக்காக அதை வாங்குறீங்களா, அது வேற கணக்கு. நான் குறை சொல்ல மாட்டேன். ஃபயர்வால் இல்லாம இருக்கோமேன்னு பயந்து வாங்காதீங்க, அவ்வளவுதான்.

ஃபயர்வால் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காதுன்னு புரிஞ்சாலே பாதி பயம் போயிடும். மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருப்பீங்க. வாசல்ல பையைச் சோதிப்பாங்க. 2018-ல மண்டபத்துல தீப்பிடிச்சதுக்கு அப்புறம் செல்போனையும் உள்ள விடுறதில்லை. ஆனா சாமி கும்பிட்டு வெளிய வர்றவங்க பையை யாராவது திறந்து பார்க்கிறாங்களா? விண்டோஸ் ஃபயர்வாலும் அப்படியேதான் அமைக்கப்பட்டிருக்கு. வெளியிலிருந்து நீங்க அழைக்காம உள்ள வர நினைக்கிற இணைப்பை நிறுத்திடும். உள்ள இருக்கிற ஒரு ப்ரோகிராம் வெளிய யார்கிட்டயாவது பேசப் போனா, போயிட்டு வான்னு விட்டுடும்.

வெளிய போறதையும் சோதிக்கிற ஃபயர்வால் இருக்கு. நானும் ஆசைப்பட்டு ஒரு தடவை வெச்சுப் பார்த்தேன். ஒவ்வொரு ப்ரோகிராமும் வெளிய போகும்போது, விடலாமா வேண்டாமான்னு கேட்டுக்கிட்டே இருக்கும். முதல் நாள் கவனமா படிச்சேன். நாலாவது நாள் கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கினேன். அப்படி அமுக்குற ஆளுக்கு அந்தக் காவலாளி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?

சரி, அந்தத் தம்பி லேப்டாப்புக்கு வருவோம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ஃபயர்வால் பக்கத்தைப் பார்த்தேன். லேப்டாப் வாங்கும்போதே கூட வந்த ஒரு ட்ரையல் சாஃப்ட்வேர், ஃபயர்வால் பொறுப்பைத் தன் கையில எடுத்து வெச்சிருந்தது. அதை நீக்கி ரீஸ்டார்ட் பண்ணினதும் விண்டோஸ் ஃபயர்வால் பச்சை டிக்கோட திரும்பி வந்துடுச்சு. செலவு சுழியம். இதோட முடிஞ்சிருந்தா நான் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

ஆப் லிஸ்டுல இருக்கும்போதே, வேற என்னென்ன கிடக்குன்னு கீழே தள்ளிப் பார்த்தேன். தூரத்துல இருந்து கம்ப்யூட்டரை இயக்குற ஒரு ஆப். ஆள் இல்லாதப்பவும் உள்ள வரலாம்கிற பாஸ்வேர்டு வெச்சு, லேப்டாப் ஆன் ஆகும்போதே தானும் ஆன் ஆகுற மாதிரி இருக்கு.

"இது யார் தம்பி போட்டது?"

"தெரியலண்ணே... ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடையில ஆஃபீஸ் போட்டுக் கொடுத்தாங்க. 300 ரூபாய்தான். அப்புறம் வேலை செய்யலைன்னு போன் பண்ணேன். வீட்டுல இருந்தே சரி பண்ணிடலாம்னு இதை இறக்கச் சொன்னாங்க."

ரெண்டு வருஷம். அந்தக் கடைக்காரர் கெட்டவர்னு நான் சொல்லல. அவருக்கே இது மறந்து போயிருக்கலாம். ஆனா அந்த பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரும் எந்த நேரமும் உள்ள வரலாம்கிற நிலையில லேப்டாப் இருந்திருக்கு. டெஸ்க்டாப்ல 'டாக்ஸ்'னு ஒரு ஃபோல்டர். ஃபார்ம் 16, பான் கார்டு, ஆதார், மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மெண்ட், அப்பாவோட எஃப்டி ரசீது எல்லாம் வரிசையா இருக்கு. பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்டு இருக்கேன்னு நினைப்பீங்க. வருமான வரித் துறையோட ஏஐஎஸ் ஃபைலுக்கு பாஸ்வேர்டு, சின்ன எழுத்துல பான் நம்பரும் பிறந்த தேதியும். ரெண்டுமே பக்கத்து ஃபைலான பான் கார்டுல அச்சடிச்சு இருக்கு!

அந்த 1,799 ரூபாயைக் கட்டியிருந்தா இதைத் தடுத்திருக்குமா? நான் நம்பல. இந்த வகை ஆப் உள்ளிருந்து வெளிய போய்த் தன் கம்பெனி சர்வரோட கை கோர்த்துக்கிட்டு நிக்கும். வெளியில இருக்கிறவர் அந்த சர்வர் வழியா உள்ள வருவார். வாசல் காவலாளி கண்ணுக்கு இது வெளிய போன நம்ம ஆள்தான். ஆப்பே திருட்டு ஆப்பும் இல்ல, கம்பெனிகள் தினமும் பயன்படுத்துறது. அதனாலதான் மோசடிக்காரங்களுக்கும் அது வசதி. எனிடெஸ்க்கை வெச்சு நடக்குற மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரிக்கை விட்டது.

தம்பியை மட்டும் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது. நான் பண்ணினதையும் சொல்றேன். 2020 ஊரடங்கு. ஆபீஸ் பூட்டிக் கிடக்கு, டாலி முழுக்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல. நெட்வொர்க் வேலை பார்க்கிற பையனைக் கூப்பிட்டு, "வீட்டுல இருந்து எப்படியாவது டாலி திறக்கணும்பா"ன்னேன். அவன் ரவுட்டர்ல 3389-ன்னு ஒரு போர்ட்டைத் திறந்து விட்டான். ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல் அது. திறந்திருக்கிற அந்த வாசலைத் தேடி இன்டர்நெட் முழுக்க ராத்திரி பகலா ஸ்கேன் பண்றவங்க இருக்காங்கன்னு எனக்கு அப்போ தெரியாது. பாஸ்வேர்டு என்ன தெரியுமா? ஆபீஸ் பேரோட 123.

ஜூலையில ஒருநாள் காலையில திறந்தா எல்லா ஃபைலுக்கும் பேர் மாறியிருக்கு. கூடவே ஒரு நோட்பேட் ஃபைல், டாலர்ல பணம் கேட்டு. பணம் கட்டல. கையில இருந்தது மார்ச் மாசக் கடைசியில ஹார்ட் டிஸ்க்ல எடுத்த ஒரு பேக்கப் மட்டும். மூணு மாச வவுச்சரை ரெண்டு ஆர்டிகிள் பசங்க ரெண்டரை வாரம் உட்கார்ந்து திரும்பப் போட்டாங்க. ஒரு கிளையண்ட் போயிட்டார், அவர் போனதுல தப்பே இல்ல.

இதுல கவனிங்க, அந்த கம்ப்யூட்டர்ல காசு கட்டி வாங்கின செக்யூரிட்டி பேக்கேஜ் இருந்தது. ஃபயர்வாலோட, தேதி தவறாம புதுப்பிச்சது. பில்கூட இருக்கு. அது ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லும்? வாசலைத் திறக்கச் சொன்னதே முதலாளி.

இது சின்ன ஆபீஸ் கதைன்னு ஒதுக்கிடாதீங்க. 2019-ல நம்மகிட்ட இருந்து சில மணி நேரத் தொலைவுல இருக்கிற கூடங்குளத்துல என்ன நடந்தது? அணுமின் நிலையத்தோட நிர்வாக நெட்வொர்க்ல இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல டிட்ராக்குங்கிற மால்வேர் இருந்ததா செப்டம்பர்ல தகவல் வந்துச்சு. முதல்ல மறுத்தாங்க. அக்டோபர் 30-ந்தேதி அணுமின் கழகமே அறிக்கை விட்டு ஒத்துக்கிட்டது. இன்டர்நெட் இணைப்புள்ள நிர்வாக நெட்வொர்க்ல சேர்ந்திருந்த ஒருத்தரோட கம்ப்யூட்டர் அது, உலையை இயக்குற நெட்வொர்க் இதுலேர்ந்து தனியாப் பிரிச்சு வெச்சிருக்குன்னு விளக்கம் கொடுத்தாங்க. அந்தப் பிரிச்சு வெச்ச ஏற்பாடுதான் எனக்கு முக்கியமாப் படுது. எவ்வளவு பெரிய இடமா இருந்தாலும் ஒரு கம்ப்யூட்டர் கெடத்தான் செய்யும். கெட்டா எதுவரைக்கும் போகும்கிறதை முன்னாடியே முடிவு பண்ணி வெச்சிருக்காங்க.

வீட்டுல இதைப் பண்ண உலை ஏதும் வேண்டாம். விண்டோஸ்ல ரெண்டு யூசர் அக்கவுண்ட் போடுங்க. ஒண்ணு அட்மின், சாஃப்ட்வேர் போடுறதுக்கு மட்டும். தினப்படி வேலை எல்லாம் சாதாரண அக்கவுண்ட்ல. தம்பி கேம் ஆடுறதுக்கும், தங்கச்சி காலேஜ் ப்ராஜெக்ட் பண்றதுக்கும் தனி அக்கவுண்ட். உங்க பணக் கணக்கு இருக்கிற அக்கவுண்ட்ல அவங்க நுழைய வேண்டாம். கம்பெனி லேப்டாப்ல சொந்த டாகுமெண்ட் வைக்காதீங்க. அதோட ஃபயர்வால் கம்பெனியோடது, நாளைக்கு வேலையை விட்டா லேப்டாப்பும் போயிடும்.

ஃபயர்வால்ல நீங்க உண்மையிலேயே தொட வேண்டியது ரெண்டே இடம். புதுசா ஒரு வைஃபையில சேரும்போது பப்ளிக்கா, ப்ரைவேட்டான்னு ஒரு செட்டிங் இருக்கும். பிஜி, ஹாஸ்டல், டீக்கடை, ரயில் நிலையம் எல்லாமே பப்ளிக். என்னைக் கேட்டா வீட்டுலயும் பப்ளிக்னே விடுங்க, பிரிண்டர் ஏதாவது அடம் பிடிச்சா மட்டும் மாத்துங்க. அப்புறம் ரவுட்டர். அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க, யுபிஎன்பின்னு ஒரு செட்டிங் இருந்தா அணைங்க. சிசிடிவி போட வர்றவர் போர்ட் திறக்கணும்னு சொன்னா, வேற வழி இருக்கான்னு கேளுங்க. என் கதையை அவர்கிட்ட சொல்லுங்க.

'ரவுட்டர் பின்னாடி இருக்கோம், விண்டோஸ் ஃபயர்வாலை அணைச்சா கேம் வேகமா ஓடும்'னு சில நண்பர்கள் சொல்வாங்க. பழைய கதை அது. ஜியோ மாதிரி நெட்வொர்க்ல இப்போ ஐபிவி6 ஓடுது. அதுல உங்க லேப்டாப்புக்கே வெளியுலக முகவரி கிடைக்கும், பழைய ரவுட்டர் மறைப்பு அதுக்குப் பொருந்தாது. அணைக்காதீங்க. மேக் வெச்சிருக்கிறவங்க, அதுல ஃபயர்வால் பெரும்பாலும் அணைஞ்சேதான் வரும். செட்டிங்ஸ்ல நெட்வொர்க் பக்கம் போய் ஒரு தடவை பார்த்துடுங்க.

விண்டோஸ் 10 வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சது. 2017 மே மாசம் வான்னாக்ரை உலகத்தையே ஆட்டி வெச்சதே, அதுக்கான பேட்ச் மார்ச்லயே வந்துடுச்சு. போடாதவங்கதான் அதிகமா மாட்டினாங்க.

இப்போ என் ஏரியா. பணம் போயிட்டா யார் பொறுப்பு? 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, தப்பு பேங்க் மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்லைன்னா, மூணு வேலை நாளுக்குள்ள புகார் சொன்னா உங்களுக்கு நஷ்டம் இல்ல. ஆனா பாஸ்வேர்டு, ஓடிபியை நீங்களே கொடுத்த மாதிரி கவனக்குறைவு இருந்தா, நீங்க பேங்க்ல சொல்ற வரைக்கும் போன பணம் முழுக்க உங்க தலையில. யாரோ சொன்னாங்கன்னு ரிமோட் ஆப்பை இறக்கி பேங்க் பக்கத்தைத் திறந்து காட்டினா, பேங்க் எந்தப் பக்கம் வாதாடும்னு யோசிச்சுப் பாருங்க. பணம் போனது தெரிஞ்ச நிமிஷமே பேங்குக்கும் 1930-க்கும் போன் பண்ணுங்க. வீட்டுல பேசி முடிவெடுத்துட்டு நாளைக்குப் பண்ணலாம்னு இருக்காதீங்க.

ஃபயர்வால்ல மிச்சம் பிடிச்ச பணத்தை என்ன பண்ணலாம்? ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. மாசம் ஒரு தடவை காப்பி எடுத்துட்டு, கழட்டி பீரோவுல வைங்க. மாட்டியே விட்டா அதையும் சேர்த்துப் பூட்டிடுவாங்க. 300 ரூபாய் ஆஃபீஸை எடுத்துட்டு லைசன்ஸ் வாங்குங்க, இல்லாட்டி இலவச லிப்ரே ஆஃபீஸ் போதும். இதையெல்லாம் வரியில கழிக்கலாமா சார்னு கேட்பீங்க. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு மட்டும்தான், புது முறையில 75,000. ஹார்ட் டிஸ்க் பில்லை எனக்கு அனுப்ப வேண்டாம்.

அந்தத் தம்பி லேப்டாப்ல ரிமோட் ஆப்பை நீக்கினோம். பேங்க், மெயில், வருமான வரி தளம், பிஎஃப் எல்லா பாஸ்வேர்டையும் அவரோட போன்ல இருந்து மாத்தினோம். அந்த லேப்டாப்ல இருந்தே மாத்த எனக்கு மனசு வரல. ரெண்டு வருஷ ஸ்டேட்மெண்ட்டையும் ஒரு வரி விடாம பார்த்தோம். ஒண்ணும் போகல. அப்பாவோட எஃப்டி இருக்கான்னு கேட்க அவர் வீட்டுக்குப் போன் போட்டப்போ மணி பத்து. ரிட்டர்ன் மறுநாள்தான் போட்டோம்.