தேவையற்றது எது?

சென்ற விடுமுறையில் காரக்கோணத்தில் சிற்றப்பா வீட்டுக் கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தேன். டெபியன் இயங்கும் பழைய பொறி. அதிலுள்ள மென்பொருள் தொகுப்புகளைப் பட்டியலிடுமாறு ஆப்ட் என்னும் தொகுப்பு மேலாளருக்குக் கட்டளையிட்டதுதான் தாமதம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இடவப்பாதி மழையெனக் கொட்டின.

“இத்தனையும் நாம் போட்டதா, அண்ணே?” என்றான் தம்பி.

இல்லை. நாம் கேட்டு வாங்கியவை சில. ஏனையவை அவற்றுக்குத் துணையாக வந்தவை. கலியாணத்துக்கு ஒருவரை அழைத்தால் வீட்டோடு வந்து இறங்குவதில்லையா, அதுபோல! இவற்றை ஆப்ட் பிரித்தறியும். ‘மேனுவல் இன்ஸ்டால்டு’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் துணைவந்தவை மறைந்து பட்டியல் வெகுவாகச் சுருங்கும்.

எல்லாவற்றையும் காட்டுவதே நேர்மை என்பாருண்டு. நான் ஒப்பேன். ஆயிரம் வரிகளுக்கு நடுவே எச்சரிக்கை ஒன்று வந்தால் எவர் கண்ணில் படும்?

ஆயினும் துணைவந்தவை என்பதாலேயே தூசு என்று எண்ணிவிடலாகாது. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட சதியை நினைவிற் கொள்ளுங்கள். எக்ஸ்-இஸட் என்னும் சுருக்குக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ கள்ளவாயில் அமைத்திருந்தனர். அதன் நூலகமான லிப்எல்இஸட்எம்ஏ, எவரும் விரும்பி நிறுவாத துணைத் தொகுப்பு. எஸ்எஸ்ஹெச் சேவைக்கு அது நேராகத் தேவையே இல்லை. டெபியன் முதலியோர் சிஸ்டம்-டிக்காகச் செய்த திருத்தத்தின் வழியே அது உள்ளே நுழைந்தது. எஸ்எஸ்ஹெச் நுழைவு ஏறத்தாழ அரை விநாடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்பவரே அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் நிலைப்பதிப்பு தப்பியது. சோதனைப் பதிப்புகளில் அது புகுந்தேவிட்டது.

இன்னொரு வகை மறைப்பு எங்கள் வீட்டிலேயே நடந்தது. லோக்கேல்பர்ஜ் என்ற கருவி, எந்தெந்த மொழிகள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, ஏனைய மொழிபெயர்ப்புக் கோப்புகளை அழித்துவிடும். பழுதுபார்க்கத் தந்த இடத்தில் ஆங்கிலமும் மலையாளமும் போதுமெனக் கருதினார்கள். வட்டில் இடம் மிச்சமாயிற்று; தம்பியின் தமிழ்ப் பட்டிகள் ஆங்கிலமாயின. எல்லையோர வீட்டில் எது தேவையற்றது என்பதை, நல்லெண்ணத்தோடேதான், வேறொருவர் முடிவு செய்துவிட்டார். பட்டியலில் மறைந்தது ஒரு கட்டளையில் மீளும். அழிந்த கோப்புகளை மீட்கவோ தொகுப்புகளை ஒவ்வொன்றாய் மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. ஒரு மாலைப்பொழுது அதிலேயே கழிந்தது.

ஆகவே மறைக்கட்டும், மறைத்ததைச் சொல்லட்டும். ஒரு தொகுப்பின் பெயரைத் தந்து பட்டியல் கேட்டால், வேறு பதிப்பும் இருக்குமானால், “மேலும் ஒரு பதிப்பு உண்டு, காண இன்ன விருப்பத்தை இடுக” என்று ஆப்ட் இப்போதே அறிவிக்கிறது. அத்தகைய வரி ஒன்று, துணைவந்தவற்றை மறைக்கும் பட்டியலின் கீழும் வரவேண்டும், எத்தனை மறைந்தன என்ற எண்ணிக்கையோடு.