வரையறைக்குள் விழாத சாவுகள்

கடந்த ஆண்டு ஒரு மாலை. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் செப்டிக் டேங்கில் இறங்கி இறந்துபோன ஓர் இளைஞரின் குடும்பத்தோடு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் தகவல் அறிக்கை எழுதியாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதா 106(1), அதாவது கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்க வேண்டும் என்று தோழர்கள் கேட்டோம். ஆய்வாளர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்: "அவர் மலம் அள்ளலையே சார். அடைப்பு எடுத்துவிடத்தானே உள்ளே இறங்கினாரு. அது வேற, இது வேற."

அவர் அறியாமையில் பேசினார் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய இணை அமைச்சர் ராம்தாஸ் அத்வாலே கொடுத்த பதிலும் இதுதான். கடந்த ஐந்து ஆண்டுகளில் கையால் மலம் அள்ளியதால் ஒருவர்கூட இறந்ததாகத் தகவல் இல்லை என்றார். அதே ஐந்து ஆண்டுகளில் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் கணக்கை அதே அரசே வேறு பதில்களில் தந்திருக்கிறது. சாவு ஒரு கணக்கில் இருக்கிறது, இன்னொரு கணக்கில் இல்லை. இந்த மாயத்தைச் செய்வது சட்டத்தின் வரையறை.

'மாறிவரும் சமூக, பொருளாதாரச் சூழலுக்கேற்பச் சட்டங்களும் மாற வேண்டும்' என்று அமைச்சர்களும் நீதிபதிகளும் அடிக்கடி பேசுகிறார்கள். மாறட்டும். ஆனால் யாருக்காக விரைந்து மாறுகிறது, யாருக்காக நகர மறுக்கிறது என்பதைப் பார்க்க, துப்புரவுத் தொழிலைத் தொட்ட சட்டங்களின் வரலாற்றைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வரலாறு தடையில் தொடங்கவில்லை, கட்டாயத்தில் தொடங்குகிறது. ஐக்கிய மாகாணங்களின் 1916 ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், வழக்கமாக வீடுகளில் மலம் எடுக்கும் துப்புரவாளர் வேலையில் தவறினால் தண்டிக்க வழி செய்திருந்தது. மற்றவர்களுக்கு வேலையை விடுவது உரிமை. இவர்களுக்கு மட்டும் அது குற்றம். சாதி விதித்த வேலையைச் சட்டம் காவல் காத்த காலம் அது.

சுதந்திரம் வந்து 46 ஆண்டுகள் கழித்து, 1993 இல் தடைச் சட்டம் வந்தது. அமலுக்கு வர 1997 ஜனவரி 26 வரை ஆனது, அதுவும் சில மாநிலங்களில் மட்டும். பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும் என்றார்கள். ஒரு மனிதரின் தலையில் மலக்கூடை இருப்பது சுகாதாரப் பிரச்சினையாகத்தான் நாடாளுமன்றத்தின் கண்ணில் பட்டது! மீறினால் ஓராண்டுச் சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இங்கே ஒரு ஒப்பீடு சொல்லாமல் போக முடியவில்லை. பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினருக்கு 10 விழுக்காடு இடஒதுக்கீடு தரும் 103 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜனவரி 8 அன்று மக்களவைக்கு வந்தது. ஜனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டது. அரசியலமைப்பையே ஒரு வாரத்தில் திருத்தத் தெரிந்தவர்கள்தான் இவர்கள்.

1993 சட்டத்தின் இலக்கு எடுப்புக் கக்கூஸ். அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது. நகரங்கள் வீங்கின, அடுக்குமாடிகள் எழுந்தன, தெருவுக்கடியில் குழாய்கள் போயின, குழாய் போகாத புறநகரில் வீட்டுக்கொரு செப்டிக் டேங்க் வந்தது. மலம் மண்ணுக்கு அடியில் போய்விட்டது. சட்டம் இன்னும் எடுப்புக் கக்கூசைத் தேடிக்கொண்டிருந்தது. கூடையும் தகரமும் போய் கயிறும் வாளியும் வந்தன. வேலைக்குக் கூப்பிடப்பட்டவர்கள் மட்டும் அதே தெருவிலிருந்துதான் வந்தார்கள்.

சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003 இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கும் களப்போராட்டங்களும் கொடுத்த அழுத்தத்தில்தான் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அமலான நாள் அந்த ஆண்டின் டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாள். முகவுரையில் சாதி அமைப்பின் கொடுமை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. வரலாற்று அநீதி என்ற சொல்லும் இருக்கிறது. படிக்கும்போது நெஞ்சு நிமிரும். முகவுரையைத் தாண்டி வரையறைப் பிரிவுக்கு வந்தால்தான் விஷயம் புரியும்.

பிரிவு 2(1)(ஜி) யார் கையால் மலம் அள்ளுபவர் என்று சொல்கிறது. அதன் கீழ் ஒரு விளக்கக் குறிப்பு: ஒன்றிய அரசு அறிவிக்கும் கருவிகளையும் பாதுகாப்பு உபகரணங்களையும் பயன்படுத்தி மலத்தை அகற்றுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். ஒரு கையுறை போதும், ஒரு மனிதர் வரையறையிலிருந்து வெளியேறிவிடுகிறார். பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் 'ஆபத்தான துப்புரவு' என்று தனியே பிரித்துவிட்டார்கள். உபகரணம் தராமலும் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாமலும் இறக்கினால்தான் அது ஆபத்தான துப்புரவு. அதாவது மனிதரை மலக்குழிக்குள் இறக்குவதை இந்தச் சட்டம் தடை செய்யவில்லை. வெறும் உடம்போடு இறக்குவதை மட்டும் தடை செய்கிறது.

சரி, அந்த அளவுக்காவது நடக்கிறதா? 2022, 2023 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த 54 மரணங்களை ஒன்றிய சமூக நீதி அமைச்சகமே தணிக்கை செய்ய வைத்தது. 90 விழுக்காட்டுக்கும் மேலான மரணங்களில் எந்தப் பாதுகாப்பு உபகரணமும் இல்லை. சட்டத்தின் சொந்த வரையறைப்படியே இவை ஒவ்வொன்றும் குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுச் சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம் என்று 22 ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் காவல் நிலையத்தில் எழுதப்படுவது கவனக்குறைவு. மறுநாள் நாளிதழில் வருவது 'விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி'. அந்த வாக்கியத்தில் எழுவாய் விஷவாயு. இறக்கியவர் அதில் இல்லவே இல்லை.

இதில் பத்தாவது பிரிவைப் பற்றி வழக்கறிஞர்களே பலர் பேசுவதில்லை. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் தரப்படாவிட்டால் நீதிமன்றம் அந்தக் குற்றத்தைக் கையில் எடுக்க முடியாது. மூன்று மாதம் என்பது அந்தக் குடும்பத்துக்கு என்ன காலம்? காரியம் முடித்து, கடன் அடைத்து, இறப்புச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் தாலுகா அலுவலகத்தில் நின்று முடிக்கவே சரியாக இருக்கும். அதற்குள் ஒப்பந்ததாரரின் ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்து ஒரு தொகையைச் சொல்லி, வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிப் போயிருப்பார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் செய்த திருத்தம், பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ள வைப்பதை வன்கொடுமை என்றது. நல்ல திருத்தம், நாம் போராடிப் பெற்றது. ஆனால் 'அவர் மலம் அள்ளலையே' என்று ஒரு அதிகாரி சொன்னால் 2013 சட்டத்தோடு இந்தக் கதவும் சேர்ந்தே அடைபடுகிறது. ஆய்வாளர் ஒரு வாக்கியத்தில் இரண்டு சட்டங்களைத் தள்ளி வைத்தது இப்படித்தான்.

சட்டம் ஒரு விஷயத்தில் மட்டும் காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது: பிணத்தின் விலை. 2014 மார்ச் 27 தீர்ப்பில் 10 லட்சம். 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் 30 லட்சம். குடும்பங்களுக்கு அது வேண்டும், ஒரு ரூபாய் குறையக் கூடாது. ஆனால் உயிரோடு இருப்பவரின் வேலையை எந்தச் சட்டம் தொட்டது என்று பார்த்தால்தான் முழுக்கதை தெரியும்.

1976 டிசம்பரில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தன் அதிகாரத்துக்குட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களில் பெருக்குதல், துடைத்தல், காவல் ஆகிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் முறையைத் தடை செய்தது. 1970 ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தந்த அதிகாரம் அது. 1996 இல் ஏர் இந்தியா வழக்கில் நீதிபதி கே.ராமசாமி இடம்பெற்ற அமர்வு, அப்படித் தடை செய்யப்பட்ட இடங்களில் தொழிலாளர்களை முதன்மை நிறுவனமே நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது. 'தாராளமயம்' வேரூன்றிய பின், 2001 இல் செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைக் கவிழ்த்தது. தானாக நிரந்தரமாகும் உரிமை இல்லை என்றதோடு, 1976 அறிவிக்கையையும் இனி செல்லாது என்று ரத்து செய்தது.

அடுத்தது 2020 மழைக்காலக் கூட்டத்தொடர். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். மலக்குழிக்குள் மனிதர் இறங்குவதை முழுமையாக இயந்திரமயத்தால் ஒழிக்கப்போவதாகச் சொல்லி, 2013 சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா அந்தக் கூட்டத்தொடரின் பட்டியலில் இடம்பெற்றது. அது அவையில் அறிமுகமே ஆகவில்லை. அதே கூட்டத்தொடரில், எதிர்க்கட்சிகள் வெளியே இருந்தபோது, செப்டம்பர் 22, 23 என இரண்டே நாளில் மூன்று தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இரண்டு அவைகளிலும் நிறைவேறின. அவற்றில் ஒன்று பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் பற்றியது. ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று அது பெருமையாகச் சொல்கிறது. எவை மையப் பணி ஆகாது என்ற பட்டியலின் முதல் வரி என்ன தெரியுமா? துப்புரவுப் பணி. பெருக்குதல், சுத்தம் செய்தல், எல்லா வகைக் கழிவுகளையும் சேகரித்து அகற்றுதல். அந்த நிறுவனமே அதற்காக அமைக்கப்பட்டதாக இருந்தால் ஒழிய, இந்த வேலை எப்போதும் மையத்துக்கு வெளியேதான். 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தும் என்றிருந்த பழைய வரம்பும் 50 ஆக உயர்ந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

ஊருக்கு வெளியே சேரி. மையத்துக்கு வெளியே துப்புரவு. இதை எழுதிய அதிகாரிக்குச் சாதி நினைவே இருந்திருக்காது, அதுதான் இதில் பயங்கரம். ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 மலக்குழித் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 2011 கணக்குப்படி 16.6 விழுக்காடு. முகவுரையில் பெயர் சொல்லப்பட்ட சாதி, வரையறையில் காணாமல் போய், வருகைப் பதிவேட்டில் மறுபடி வந்து நிற்கிறது.

தில்லியைத் திட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1993 முதல் மலக்குழி மரணங்கள் மிக அதிகமாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு. பெரியார் மண் என்று சொல்லிக்கொள்ளும் முன் இந்தக் கணக்கையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, பெரும்பாலும் பெண்களான தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடிக் காலை உணவுத் திட்டம் அறிவித்தது. அவர்கள் கேட்டது சோறு இல்லை. பல ஆண்டு செய்த வேலைக்கு நிரந்தரம் கேட்டார்கள். சமூக நீதி பேசும் அரசும் அந்த வேலையை மையத்துக்கு வெளியேதான் வைத்துப் பார்த்தது.

இயந்திரம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வரட்டும், பத்து மடங்கு வரட்டும். ஆனால் லாரி நுழையாத சந்தில், லாரி எடுத்தபின் அடியில் தங்கும் கசடுக்கு, இரவு பதினோரு மணிக்கு வரும் அவசர அழைப்புக்கு யார் போகிறார்? ஆள் மலிவாகவும் சாவு இன்னும் மலிவாகவும் இருக்கும்வரை இயந்திரத்தை வாடகைக்கு எடுக்க ஒப்பந்ததாரருக்கு என்ன அவசியம்? இயந்திரம் வாங்கப்பட வேண்டுமானால் முதலில் சட்டம் மனிதரை விலை உயர்ந்தவராக்க வேண்டும். கையுறை விலக்கு தரும் அந்த விளக்கக் குறிப்பு நீக்கப்பட வேண்டும். எந்த உபகரணத்தோடும் மலக்குழிக்குள் இறக்குவது குற்றமாக வேண்டும். மூன்று மாதக் கெடு போக வேண்டும். வேலை கொடுத்த முதன்மை நிறுவனம், அது மாநகராட்சியானாலும் குடியிருப்போர் சங்கமானாலும், முதல் குற்றவாளியாக வேண்டும். துப்புரவு மையப் பணியாக வேண்டும். கடைசியானதைத் தமிழ்நாடு அரசு தன் உள்ளாட்சிகளில் இன்றே தொடங்கலாம், தில்லியின் அனுமதி தேவையில்லை.

அந்த இளைஞரின் வழக்குக்கு வருகிறேன். மூன்று மாதக் கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது புகார் மனுவைத் தாக்கல் செய்தோம். 'பணியமர்த்தியவர்' என்ற இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று வழக்கறிஞர் கேட்டார். குடியிருப்போர் சங்கம் ஏஜெண்டைக் காட்டியது, ஏஜெண்ட் லாரி உரிமையாளரைக் காட்டினார், லாரி உரிமையாளரோ "அந்தப் பையன் தானா வந்தவன்" என்றார். அவருடைய அண்ணன் பேனாவை வாங்கி மூன்று பெயரையும் எழுதினார்.