கூலியில்லா உழைப்புக்கு ஆள் பிடிக்கும் கம்பெனி!

நியூஸிலாந்து நாட்டில் 2012ஆம் ஆண்டில் பப்ளான்ஸ் என்றொரு சிறு கம்பெனி தோன்றியது. ஐந்தே ஆண்டுகளில் லட்சத்துக்கும் அதிகமான விஞ்ஞானிகள், பேராசிரியர்களின் பெயர்கள் அதன் பதிவேட்டில் ஏறிவிட்டன. 2017ல் கிளாரிவேட் என்ற பெருங்கம்பெனி அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. வியாபாரக் கணக்கில் அது பிரமாதமான வளர்ச்சி ஆண்டு. ஆனால் வளர்ந்தது யார்? எவருடைய உழைப்பில்? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

இந்தக் கம்பெனி நூல் நூற்கவில்லை, நெல் விளைவிக்கவில்லை. ஆள் பிடித்துக் கொடுப்பதே அதன் முக்கிய வியாபாரங்களில் ஒன்றாக இருந்தது. எந்த வேலைக்கு ஆள்?

ஒரு விஞ்ஞானி புதிய மருந்தைப் பற்றியோ, பயிரை அழிக்கும் பூச்சியைப் பற்றியோ ஆராய்ந்து கட்டுரை எழுதுகிறார். ஆராய்ச்சிப் பத்திரிகையில் அது வெளியாகுமுன், அதே துறையை அறிந்த இரண்டு மூன்று பேர் அதைப் பரிசீலிக்க வேண்டும். சோதனை ஒழுங்காக நடந்ததா, கணக்கு சரியா, முடிவு பொருந்துமா என்று பார்க்க வேண்டும். மில்லில் நெய்த துணியைப் பேல் கட்டுமுன் பழுது பார்க்கிறோமே, அதைப் போல. இந்த வேலை அவசியமானது. இது நடக்காவிட்டால் புளுகு ஆராய்ச்சியும் போலி மருந்தும் ஜனங்கள் தலையில்தான் வந்து விழும்.

துணியில் பழுது பார்ப்பவருக்குச் சம்பளம் உண்டு. கட்டுரையில் பழுது பார்ப்பவருக்கு? பெரும்பாலும் ஒரு செப்புக் காசு கிடையாது! கட்டுரை எழுதியவருக்கும் பத்திரிகை முதலாளி கூலி தருவதில்லை. 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் இந்தப் பரிசீலனைக்குச் செலவான நேரம் 10 கோடி மணிக்கும் மேல் என்று 2021ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்கப் பரிசீலகர்களுடைய நேரத்தின் மதிப்பே 150 கோடி டாலரைத் தாண்டியதாம்.

இதில் கொழுப்பது யார்? எல்ஸ்வியர் என்ற பிரசுரக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அதை உள்ளடக்கிய ரெலெக்ஸ் குழுமத்தின் விஞ்ஞான, மருத்துவப் பிரிவு 2023ல் பெற்ற வரவு சுமார் 306 கோடி பிரிட்டிஷ் பவுன். அதில் லாபம் சுமார் 116 கோடி பவுன். அதாவது 100க்கு 38! பஞ்சு விலை ஏறிவிட்டது, பஞ்சப்படி தர முடியாது என்று மூக்கால் அழும் மில் முதலாளி இந்த விகிதத்தைக் கேட்டால் பொறாமையில் வெந்து போவார். எழுதுகிறவரும் இலவசம், சரி பார்ப்பவரும் இலவசம் என்றால் லாபம் ஏன் குவியாது?

இலவச உழைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. கட்டுரைகள் பெருகப் பெருக, பரிசீலிக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பரிசீலகர்களில் 10 சதவீதத்தினரே பாதி வேலையைச் சுமக்கிறார்கள் என்று பப்ளான்ஸின் 2018ஆம் ஆண்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது. அப்படியானால் கூலி கொடுங்கள், வேலை நேரத்தில் இதையும் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்பதல்லவா நியாயம்? முதலாளிகள் கண்ட வழி வேறு. யார் எந்தத் துறையில் வல்லவர், எத்தனை கட்டுரை பார்த்தார் என்ற ஜாபிதாவைக் காசு கொடுத்து வாங்குவது! ஜாபிதாவை விற்றவனுக்குப் பணம், வாங்கியவனுக்கு லாபம், அதில் பெயர் உள்ளவருக்குப் பாராட்டுப் பத்திரம்! தீபாவளிக்குப் போனஸ் கேட்டவனுக்கு நற்சாட்சிச் சீட்டு கொடுத்து அனுப்புகிற கதைதான்.

"மறைந்து கிடந்த உழைப்பு வெளியே தெரிகிறதே, அது நல்லதல்லவா?" என்று கேட்பார்கள். தெரிவது நல்லதுதான். தெரிந்த பிறகும் கூலி இல்லை என்பதே நமது புகார். "பேராசிரியர்களுக்குத்தான் சம்பளம் உண்டே, இது விஞ்ஞானத் தொண்டு" என்று இன்னொரு வாதம். சம்பளம் உண்டு, சரி. அதைக் கொடுப்பது யார்? பத்திரிகை முதலாளியா? இல்லை, சர்வகலாசாலை. அதன் பணத்தில் பெரும்பங்கு பல நாடுகளில் ஜனங்களின் வரிப்பணம். தொண்டு என்றால் ஆதியோடந்தம் தொண்டாக இருக்கட்டும். உழைப்பு மட்டும் தொண்டு, விளைச்சல் மட்டும் வியாபாரமா?

இது எங்கோ கடல் கடந்த சங்கதி என்று எண்ண வேண்டாம். இந்திய சர்க்கார் 2024 நவம்பரில் ஒரு திட்டத்துக்கு அனுமதி தந்தது. 30 பிரசுரக் கம்பெனிகளின் சுமார் 13,000 பத்திரிகைகளை நம் கல்வி நிலையங்கள் படிப்பதற்காக, 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய்! மாணவர்கள் படிக்கட்டும், நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆராய்ச்சிக்கு நம் வரிப்பணம். ஆராய்ந்தவருக்கும் பரிசீலித்தவருக்கும் சம்பளம் நம் வரிப்பணம். அச்சானதைப் படிக்க மறுபடியும் நம் வரிப்பணம். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிற கூலிக்காரனும் இதில் பங்குதாரன்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பிரேஸிலில் பொதுப் பணத்தில் 1997ல் தொடங்கிய சைலோ என்னும் ஏற்பாடு, பத்திரிகைகளை எவரும் இலவசமாகப் படிக்க வைத்தது. 2023 ஏப்ரலில் மூளை ஆராய்ச்சிக்கான எல்ஸ்வியர் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர்கள் 40 பேருக்கு மேல், கட்டுரைக்கு 3,450 டாலர் கட்டணம் அநியாயம் என்று கூட்டாக ராஜிநாமா செய்து, லாப நோக்கற்ற புதுப் பத்திரிகை கண்டார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு பெண் பேராசிரியர் ஆறு பிரசுரக் கம்பெனிகள் மீது வழக்கே தொடுத்தார். பரிசீலனைக்குக் கூலி இல்லை என்று கம்பெனிகள் தமக்குள் பேசி வைத்துக்கொண்டன என்பது அவர் குற்றச்சாட்டு.

படித்தவர்களும் ஒன்றுசேரக் கற்கிறார்கள். நல்லது! பொதுப் பணத்தில் பிறந்த ஆராய்ச்சி பொதுஜனங்களுக்கே சொந்தமாக வேண்டும். பத்திரிகைகள் சர்வகலாசாலைகள், விஞ்ஞானச் சங்கங்களின் கையில் இருக்க வேண்டும். பரிசீலனை, வேலை நேரத்தில் சேர்க்கப்பட வேண்டும். தறியில் உழைத்தாலும் மேஜையில் உழைத்தாலும் உழைப்பு உழைப்புதான். அதற்குரிய கூலியைக் கேட்பதில் வெட்கம் எதற்கு?