சோளத் தண்டும் கோதுமைப் பூவும்

பாண் துண்டொன்றைக் கையில் எடுப்பவர், அதன் மாவைத் தந்த வயலில் முந்திய ஆண்டு எப்பயிர் நின்றது என்று கேட்பதில்லை. நமக்கு வேண்டிய கோதுமை கப்பலில் வருவதாதலால், அக்கேள்வி இங்கே எழுவதற்கு இடமுமில்லை. ஆயினும் கோதுமை விளையும் நாடுகளிலே அக்கேள்வியின் விடையை ஒட்டியே சில ஆண்டுகளில் விளைவின் நலமும் தீங்கும் அமைகின்றன.

1993ஆம் ஆண்டுக் கோடையில் ஐக்கிய அமெரிக்காவின் வட டக்கோற்றா, மினசோற்றா மாநிலங்களிலும், அவற்றை அடுத்த கனடாவின் மனிற்றோபாவிலும் மழை மிகுந்தது. பச்சைக் கதிர்களின் நடுவே சில சிறுகதிர்கள் மட்டும் காலத்துக்கு முன்னரே வெளுத்தன. அவற்றின் அடியில் இளஞ்சிவப்பாய்ப் பூஞ்சணம் படர்ந்தது. அறுத்தபோது மணிகள் சுருங்கிச் சுண்ணாம்பு பூசியவைபோற் கிடந்தன. அமெரிக்கக் கோதுமையில் அவ்வாண்டு நேர்ந்த நட்டம் ஏறக்குறைய நூறு கோடி டொலர் என மதிப்பிட்டனர்.

விளைவு குறைந்தது ஒரு பங்கே. இக்கதிர் வெளிறல் நோயைத் தரும் பியூசேரியம் என்னும் பங்கசு, மணியினுள் நஞ்சொன்றையும் விட்டுச் செல்கின்றது. அந்நஞ்சு கலந்த தீனியைப் பன்றிகள் உண்ண மறுக்கும்; உண்டால் வாந்தியெடுக்கும். அதனால் அதற்கு வாந்தி நஞ்சு என்றே பெயர். அடுப்பின் வெப்பம் அதனை முற்றாக அழிப்பதில்லை.

மழையைக் குறை கூறுதல் எளிது. ஆனால் மழை இந்நோயை வானத்திலிருந்து கொண்டுவருவதன்று. இதே பங்கசு சோளத்தின் தண்டையும் பொத்தியையும் அழுகச் செய்வது. சோளத் தண்டு தடித்தது, எளிதில் உக்காதது. அறுவடைக்குப் பின் வயலிற் கிடக்கும் அத்தண்டிலே பங்கசு குளிர்காலத்தைக் கழிக்கின்றது. வெப்பமும் ஈரமும் வந்ததும் அதன்மேற் கருநீலப் புள்ளிகள் தோன்றி, நுண்ணிய வித்திகளைக் காற்றில் எறிகின்றன. கோதுமை அவற்றுக்கு இடங்கொடுப்பது பெரும்பாலும் பூக்குங் காலத்திலேயாம். மகரந்தக்கூடுகள் வெளியே தொங்கும் அச்சில நாட்களில், 25 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்துடன் இரண்டு மூன்று நாள் ஈரம் நீங்காது நின்றாற் போதும். அவ்வாரம் வறண்ட காற்று வீசினால், அதே வயல், அதே தண்டு கிடந்தும், பயிர் பெரும்பாலும் தப்பிவிடும்.

சோளமும் கோதுமையும் மாறி மாறி விதைப்பதும் பயிர்ச் சுழற்சியே என்பார் உளர். பெயரளவிற் சுழற்சிதான், பங்கசுக்கோ அவை ஒரே வீட்டின் இரண்டு அறைகள். வாற்கோதுமையும் அவ்வீட்டைச் சேர்ந்ததே. சோயா அவரை போன்ற வேற்றுக் குடும்பப் பயிர் இடையே வருமாயின், பழைய தண்டு உக்கி ஒழியக் காலம் கிடைக்கும்.

தண்டை உழுது புதைத்துவிட்டால் என்ன என்று மாணவர் கேட்கலாம். புதைத்தால் நோய் குறையும் என்பது மெய்யே. ஆனால் 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெருஞ் சமவெளியின் மேல்மண் புழுதிப் புயலாய்ப் பறந்ததை அங்குள்ள உழவர் மறக்கவில்லை. மண் பறவாதிருக்கவே தண்டையும் தாளையும் நிலத்தின்மேல் விடும் வழக்கம் பின்னாளிற் பரவியது. மண்ணைக் காத்த போர்வையே பங்கசையும் காத்தது! ஏரைத் திரும்ப இறக்குவதிலும், முன்பயிரைத் தெரிந்து விதைப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகின்றது.

அதுவும் முழுக் காவலன்று. வித்தி வேலியறியாது, அயலான் சோள வயலிலிருந்து காற்றில் வந்து சேரும். ஆகவே நோயைத் தாங்கும் இனங்களும் தேடப்பட்டன. சீனத்துச் 'சுமை 3' என்னும் கோதுமை இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது. பூக்குமுன் நிலவும் ஈரப்பதனைக் கணித்து, நோய் வருமா என முன்னறிவிக்கும் முறையும் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ளது. அறிவிப்பைக் கண்ட உழவர், பூத்த சில நாட்களுக்குள் மருந்து தெளித்தாகவேண்டும். ஆனால் நோயை வளர்க்கும் மழையே வயலைச் சேறாக்கித் தெளிகருவியை உள்ளே விடாது தடுக்கும் ஆண்டுகளும் உண்டு.