நெல்லை மீட்டோம், பயறை விடலாமா?



திருத்துறைப்பூண்டி பக்கத்து ஆதிரெங்கத்தில் இருந்துகொண்டு, ஊர் ஊராக அலைந்து 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் திரட்டினார் நெல் ஜெயராமன். 2018-இல் அவர் மறைந்தார். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் இன்றும் வயலில் நிற்கின்றன. ஆனால் நம் பயறு எங்கே?

சம்பா அறுப்புக்குப் பத்து நாள் முன்னே ஈரச் சேற்றில் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்போம். உரமில்லை, தண்ணியில்லை, பனியிலேயே காய்க்கும். அறுவடை மெஷின் வந்தது, அதன் செயினில் இளம்பயிர் நசுங்கியது. பலர் தெளிப்பதையே விட்டோம்; பானையில் இருந்த வீட்டு விதையும் போச்சு. இப்போ கடை விதைக்குக் கை ஏந்துகிறோம்.

மஞ்சள் தேமல் விழுந்தால் வயலே காலி. அதைத் தாங்கும் குணத்தை விஞ்ஞானிகள் தேடுவது காட்டுப்பயறு இனங்களில்தான்! நாமோ வரப்பில் படரும் நரிப்பயறைக் களை என்று மருந்தடித்துக் கொல்கிறோம்.

விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, கம்பெனி முத்திரை இல்லாமல் விற்க 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. பானை காலியாக இருந்தால் ஏட்டில் உரிமை இருந்து என்ன பயன்?

வீட்டுக்கு ஒரு கைப்பிடி பழைய பயறு விதை, ஊர்ப் பேர் எழுதிச் சங்கத்தில் கொடுங்கள்!

அரசே! ஊராட்சிதோறும் பயறு விதை வங்கி அமை!
எங்கள் ரகங்களை எங்கள் பெயரிலேயே பதிவு செய்!

விதை போனால் விவசாயி போனான்!

செயலாளர்,
விவசாயிகள் சங்கம்